பேர் வெட்டாத குத்துவிளக்கு

செங்கல்பட்டுக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து, கல்யாணச் சீர் பாத்திரங்களில் பேர் வெட்டிக்கொண்டிருந்தவர் தனகோடி. அண்டா குண்டான்களைத் தொட்டுத் தொட்டு, கையில் தூக்கியதுமே இது எந்த ஊர் வார்ப்பு, என்ன பெறும் என்று சொல்லுகிற அளவுக்குப் பழகிவிட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் பாகப்பிரிவினை என்றாலும், பாத்திரம், பீரோ, சுவர்க்கடிகாரம், கண்ணாடி போட்ட சாமிப்படம் எல்லாவற்றுக்கும் விலை மதிக்க அவரைத்தான் கூப்பிட்டார்கள். மனிதர் நாணயமானவர். கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பெண்ணோடு வந்த சாமானில் அவள் பேர் இருக்கும், பேர் இல்லாததெல்லாம் வீட்டுப் பொது என்பது அவருடைய சட்டம். பேர் வெட்டியே வாழ்ந்தவருக்கு வேறெப்படித் தோன்றும்?

அச்சரப்பாக்கத்தில் செங்கல்வராயன் வீட்டுக்கும் அந்தச் சட்டத்தோடுதான் போனார். செங்கல்வராயனின் தம்பி இறந்துவிட்டதால், தம்பி மனைவி வேண்டா என்பவள் பாகம் பிரித்துக்கொண்டு தனியே போவதாக ஏற்பாடு. பெற்றவர்களும் போய்ச் சேர்ந்துவிட்ட பெண். அவள் கேட்டது ஒரே ஒரு பழைய குத்துவிளக்கைத்தான். இடுப்புயரம், உச்சியில் அன்னம், இப்போது யாரும் வார்க்காத வேலைப்பாடு. புதுப்பட்டினத்திலிருந்து தன் அம்மா கொடுத்தனுப்பியது என்றாள். தன் தாயார் ஏற்றிய விளக்கு என்று செங்கல்வராயன் அடித்துச் சொன்னார். பிழைப்புக்காக வெளியூரிலேயே கிடந்தவர், அப்படித்தான் நம்பியிருந்தார்.

தனகோடி விளக்கைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பேர் இல்லை. விளக்கில் உளி படக் கூடாது என்று அம்மா தடுத்துவிட்டாள் என வேண்டா சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. பொதுச் சாமான் என்று விலை மதித்தார். விளக்கு மூத்தவர் பங்கில் சேர்ந்தது.

வேண்டா வாதாடவில்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு விளக்கை இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாது, துலக்கித் தருகிறேன் என்று மட்டும் சொல்லிக் கிணற்றடிக்கு எடுத்துப்போனாள். மேல் பாகங்கள் சுலபமாகக் கழன்றன. அடித்தண்டு மட்டும் மரை இறுகி, அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து திறந்ததே இல்லை. கொடுக்கப்போகிற விளக்காயிற்றே என்று அதையும் விடாமல், வெந்நீர் ஊற்றி ஊற்றித் திருகினாள். ஒருவழியாகக் கழன்றது. உள்ளிருந்து மணல் கொட்டியது.

கை கழுவ வந்த தனகோடி குனிந்து அதை விரலில் எடுத்துப் பார்த்தார். கருமணல், நடுவில் பொடிப்பொடியாகக் கிளிஞ்சல். புளியும் செங்கல்பொடியும் போட்டுத் துலக்குகிற அச்சரப்பாக்கத்தில் கடற்கரை மணலுக்கு என்ன வேலை?

"உங்கம்மா இன்னா போட்டு வெளக்கு தேய்ப்பாங்க?" என்று கேட்டார்.

"கடக்கரை மண்ணுதாண்ணே. எங்கூருல எல்லாரும் அதான்."

சொன்ன சொல்லை மாற்றிப் பழக்கமில்லாத மனிதர் நேரே கூடத்துக்குப் போய், எல்லார் முன்னாலும் தான் சொன்னது தப்பு என்றார். செங்கல்வராயன் கிணற்றடிக்கு வந்து மணலைப் பார்த்தார். பிறகு, "ஒன்னுதுதாம்மா, எடுத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வேண்டா அழுதுகொண்டே தனகோடியின் காலில் விழ வந்தாள். அவர் பதறிப் பின்வாங்கினார்.

"நீ தேய்க்கப் போவலன்னா, நான் தப்பா சொல்லிட்டு வூட்டுல நல்லா தூங்கிக்கினு இருந்திருப்பேன். நாந்தாம்மா ஒன்ன கும்பிடணும்."

அவர் கண்ணும் நிறைந்துதான் இருந்தது. இனி யாரும் உரிமை கேட்காதபடி ஒரு பேர் வெட்டித் தரும்படி அவள் கேட்டாள். பையிலிருந்து உளியை எடுத்தார். எடுத்தவர் திரும்பப் பையிலேயே போட்டார். துவைகல்லில் கிடந்த மணலை விரலால் கூட்டி அள்ளி, தண்டுக்குள் கொட்டினார்.

"ஒங்கம்மா வோணான்னத நான் செய்ய மாட்டேன். இது உள்ளாறயே இருக்கட்டும்."

மரையை இறுகத் திருகி, விளக்கை இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார்.