வியாழக்கிழமைக் குரல்

என் மகளுக்கு மூன்று வயது. ஒரு வாய் சோறு இறங்க வேண்டுமென்றால், சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த போனுக்குள் பூனையொன்று ஆட வேண்டும். "நாங்களெல்லாம் இப்படியா வளர்ந்தோம்?" என்று வாய் கிழியக் கத்துகிறேன். கத்தி முடித்ததும் எனக்கே வெட்கமாக இருக்கும். ஏழு வயதில் நானும் போன் இல்லாமல் சாப்பிட்டவள் இல்லை.

உம்மா வீட்டு வேலைக்கென்று சவூதிக்குப் போனபோது எனக்கு ஆறு வயது. கிண்ணியாவில் எங்கள் ஒழுங்கையில் வெளிநாடு போகாத உம்மாமாரை விரல்விட்டு எண்ணலாம். ஆகவே நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வாப்பா விடிய முன்னமே கடலுக்குப் போய்விடுவார். என்னைப் பார்த்துக்கொண்டது உம்மாவின் தங்கை, என் சாச்சி. இரண்டு மூன்று நாளைக்கு ஒருதரம் உம்மா தன் குரலைப் பதிந்து சாச்சியின் போனுக்கு அனுப்புவார். அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவேன்.

ஒரு வருடம் கழித்து அந்தக் குரல் நின்றுபோனது. ஒரு வாரமாயிற்று, இரண்டு வாரமாயிற்று. நான் சோற்றைத் தொடவே மாட்டேன் என்று அடம்பிடித்தேன். பள்ளிக்கூடச் சட்டைக்குள் பிள்ளை இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்ததாம். சாச்சி இன்றைக்கும் சொல்லுவார். பிறகு ஒரு வியாழக்கிழமை அந்தியில், மஃரிப் தொழுத கையோடு, சாச்சி போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"உம்மா பேசியிருக்கா. கேளுங்க."

உம்மாவின் குரல்தான். கொஞ்சம் அடைத்திருந்தது, சளித் தடிமனாம். "மகள், நேத்து அவிச்ச முட்டைய ஏன் கிணத்தடியில போட்டீங்க?" என்று கேட்டார்.

நான் முட்டையை எறிந்ததை ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். சவூதியில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? சாச்சியைப் பார்த்தேன். அவர் ஒன்றும் நடவாதது போலச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பயத்திலேயே பீங்கானை வழித்துச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும், மஃரிபுக்குப் பின், குரல் வந்தது. என் பல் ஆடுவது, கணக்குக் கொப்பியில் நான் கிழித்த பக்கம், எல்லாமே அதற்குத் தெரிந்திருந்தது. மூன்றாவது கிழமை, உம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் பாண் விற்கிற ஓட்டோவின் பாட்டுக் கேட்டது. எங்கள் ஒழுங்கைக்கு வரும் பாண் ஓட்டோவின் ஸ்பீக்கர் மழையில் நனைந்து பழுதாகி, பாட்டுப் பாதியில் மூக்கடைத்த மாதிரி இழுக்கும். ஊரிலேயே அப்படி இழுப்பது அது ஒன்றுதான். போனுக்குள்ளும் அதே இடத்தில் இழுத்தது.

"சவூதியிலயும் பாண் ஓட்டோ வருமா சாச்சி?"

சாச்சியின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. "ஓம், ஓம். அங்கயும் மனிசர் பாண் தின்னத்தானே வேணும்" என்றார்.

அடுத்த கிழமை நடந்ததை நினைத்தால் இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது. "நல்லா ஓதுங்க மகள்" என்று உம்மா சொல்லி முடிக்கிற இடத்தில், தூரத்தில் ஒரு பிள்ளை, "சாச்சி, சவுக்காரம் எங்க?" என்று கத்தியது. அது நான். அன்று பின்னேரம் கிணற்றடியில் நின்று நான் கேட்டது. அதே குரல், அதே சிணுங்கல். மெதுவாக எனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

உம்மா வீட்டுக்குள்தான் இருக்கிறார் என்று முடிவு செய்தேன். கதவுக்குப் பின்னால் தேடினேன். அலுமாரியைத் திறந்து சட்டைகளை விலக்கிப் பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே குனிந்து எழும்பும்போதெல்லாம் முதுகுப் பக்கம் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். சொல்லவும் ஏலாது, மெல்லவும் ஏலாது. தனியாகக் குளிக்கமாட்டேன் என்று அழுதால், "என்ன பிடிச்சிட்டு இந்தப் புள்ளைக்கு?" என்று சாச்சி ஏசுவார்.

என்ன பிடித்ததென்று சொல்லித் தந்தது என்னோடு குர்ஆன் ஓதிய ஒரு பிள்ளை. அவளுடைய வாப்பா கடலில் மௌத்தானவர். இறந்தவர்களின் ரூஹ் வெள்ளி இரவில், அதாவது வியாழக்கிழமை மஃரிபோடு, சொந்த வீட்டுக்கு வந்து போகும் என்று அவளுடைய வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். வாசலில் நின்று, தனக்காக யாராவது குர்ஆனிலிருந்து யாசீன் ஓதுகிறார்களா என்று பார்க்குமாம். வீட்டில் நடக்கிறதெல்லாம் அதற்குத் தெரியுமாம்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? உம்மா மௌத்து. பாவம், வாப்பாவுக்கும் சாச்சிக்கும் அது தெரியவில்லை. உம்மா ஒவ்வொரு வியாழனும் வந்து பார்த்துவிட்டு, ஒரு யாசீன்கூட இல்லாமல் வெறுங்கையோடு திரும்பிப் போகிறார். பயம் போய் எனக்கு அழுகைதான் வந்தது. அல்லாஹ்வே, அப்படி ஓர் அழுகை.

எங்கள் ஊரில் ஒருவர் மௌத்தானால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். கேட்டவர்கள் இருந்த இடத்திலேயே அவருக்காக துஆ கேட்பார்கள், யாசீன் ஓதுவார்கள். உம்மாவை அறிவிக்கவில்லை, அதுதான் குறை என்று எனக்குப் பட்டது. ஒரு சனிக்கிழமை காலை ஓதப் போகிற வழியில், பாங்கு சொல்கிற மோதினாரிடம் போனேன்.

"எங்கட உம்மா மௌத்து. ஸ்பீக்கர்ல சொல்லட்டாம்."

"யாரு மகள் சொல்லிவிட்ட?"

"சாச்சி." அந்த ஒரு பொய்தான் சொன்னேன்.

"மையத்து எங்க?"

"வீட்டுலதான்."

அவசரக்கார மனிதர். சவூதியிலிருந்து பெட்டி வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தாராம். நான் ஓதுகிற இடத்துக்குப் போய்ச் சேர முன்னமே வாப்பாவின் பெயரும் உம்மாவின் பெயரும் ஊர் முழுக்கக் கேட்டன. கூட ஓதிய பிள்ளையின் உம்மா ஓடிவந்து, என்னைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார். அதனால் எங்கள் வீட்டில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பெரியவளான பிறகுதான் கேள்விப்பட்டேன்.

குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த சாச்சி கத்தியோடு முற்றத்துக்கு ஓடிவந்தாராம். "ராத்தா, உங்கட குரல்ல நான்தானே பேசினனான்! அதுக்கா அல்லாஹ் என்னத் தண்டிச்ச?" என்று தலையில் அடித்துக்கொண்டு விழுந்தாராம். அக்காவும் தங்கையும் பேசினால் வாப்பாவுக்கே ஆள் பிடிபடாது. என்னைச் சாப்பிட வைக்கவென்று, வியாழன் பின்னேரங்களில் அறைக் கதவைச் சாத்தி, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, சாச்சிதான் தன் போனில் பேசிப் பதிந்திருக்கிறார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். சாச்சியின் புளுகு மூன்று மாதம் ஓடியது. அந்த மூன்று மாதமும் உம்மாவின் போன் செத்துக் கிடந்ததை அறிந்தவர் அவர். அறிவித்தலை முதலில் நம்பியவரும் அவரேதான்.

மத்தியான ளுஹர் தொழுகைக்குள், பெட்டி எதுவும் வரவில்லை என்ற உண்மை வெளிப்பட்டு, மோதினார் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் அதற்கிடையில் மௌத்துச் செய்தி ஒழுங்கையின் போன்களுக்குள் ஏறி சவூதிக்கே போய்விட்டது. அங்கே கார் ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் ஊர் ஆள் ஒருவர், விசாரித்து விசாரித்து உம்மா வேலை செய்த வீட்டைப் பிடித்தார். வீட்டுக்காரி உம்மாவின் போனைப் பறித்துவிட்டு, படலையைப் பூட்டி வைத்திருந்தாளாம். உம்மாவை வெளியே எடுக்க அவருக்குப் பத்து நாள் பிடித்தது.

சாச்சி பேசியதையோ உம்மாவைத் தேடுவதையோ என்னிடம் யாரும் சொல்லவில்லை. பிள்ளையின் மனது ஒடிந்துபோகுமாம். அறிவித்தலோடு வியாழக்கிழமைக் குரலும் நின்றுவிட்டது. உம்மாவுக்கு யாசீன் கிடைத்துவிட்டது, இனி வரமாட்டார் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

பத்தாம் நாள் காலை போன் அடித்தது. வாப்பா கடலுக்குப் போகவில்லை. எல்லோரும் பேசி, எல்லோரும் அழுது, கடைசியில் போனை என் காதில் வைத்தார்கள்.

"மகள்... மகள், உம்மா பேசுறன். சுகமா இருக்கீங்களா? சாப்பிடுறீங்களா?"

மெலிந்த, கரகரத்த குரல். அவசர அவசரமாகப் பேசியது. எனக்கு அந்த ஆளைத் தெரியவில்லை. சோதித்துப் பார்த்தேன்.

"என்ட எந்தப் பல்லு விழுந்த?"

"மேல் பல்லா மகள்?" என்றது அந்தக் குரல்.

கீழ்ப் பல். "நீங்க எங்கட உம்மா இல்ல. எங்கட உம்மா மௌத்து" என்று உரத்துச் சொன்னேன்.

சாச்சி சுவரோடு சரிந்து நிலத்தில் குந்திவிட்டார். போனில் சத்தமே வரவில்லை. லைன் போய்விட்டதாக்கும் என்று நினைத்து, சிவப்புப் பொத்தானை நானே அமுக்கினேன்.