உள்ளே ஊற்றிய தண்ணீர்

காசிமேட்டில் கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்த அந்தப் பழைய கேபின் படகு அப்பாவுக்கு ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. இத்தனை வருடம் பிறர் படகில் போனவர்; சொந்தமாக வாங்கப்போகும் முதல் படகு இது. என் பட்டியலில் இன்ஜின், ஸ்டீயரிங், ஒயரிங் எல்லாவற்றுக்கும் டிக் போட்டாயிற்று. அடிப்பக்கம் மட்டும் பாக்கி. அங்கே பெயின்ட் புதிதாக இருந்தது; விரிசல் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

"உள்ள தண்ணி ஊத்திப் பாக்கணும்" என்றேன்.

விற்பவர் சிரித்தார். "இன்னாம்மா, இன்ஜினியருக்குப் படிச்சுட்டு வந்து போட்டைக் குளிப்பாட்டுறியா? தண்ணி வெளியில இருந்துதான் உள்ள வரும்."

"உள்ள இருந்து வெளிய வருதான்னு பாத்துட்டா போதும், மாமா."

இருபது குடம் ஊற்றினோம். நான் படகுக்கு அடியில் குந்தியிருந்தேன். அரை மணி நேரமாகியும் ஒரு சொட்டு வரவில்லை.

"போதும்மா, மானம் போவுது" என்றார் அப்பா மெதுவாக.

"கொஞ்சம் இரு, நைனா."

நான் எழவில்லை; இதில் கடலுக்குப் போகப்போவது அவர்தான்.

அப்போது பெயின்ட் மேல் மயிரிழை போல ஓர் ஈரக்கோடு தெரிந்தது. அப்பா குனிந்து அதைக் கட்டைவிரலால் துடைத்தார். மறுபடி வந்தது. மறுபடி துடைத்தார். மூன்றாவது முறை துடைக்காமல், இன்ஜினைப் போட்டுப் பார்க்க வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்த படகுச் சாவியை எடுத்து விற்பவரிடம் திருப்பி நீட்டினார்.