ஊதா மூடிக் குழாய்

கல்லீரல் வார்டில் ரத்தம் எடுக்கும் அக்காவுக்கு நோயாளிகள் வைத்த பெயர் கொசு. அவரும் அதைச் சொல்லிக்கொண்டுதான் அறைக்குள் நுழைவார். "கொசு வந்திருக்கேன், கையை நீட்டுங்க." இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. எங்கே ஒளிந்திருந்தாலும் நரம்பு அவர் விரலுக்கு அகப்பட்டுவிடும். ஒரே கையில் இரண்டாவது முறை குத்தி நான் பார்த்ததில்லை. பெரிய டாக்டர்களுக்கு அவர் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ளாமலே சிலர் ஓய்வு பெற்றும் போய்விட்டார்கள்.

நான் அடுத்த அறையில் மெஷின் ஓட்டுகிறவன். மாற்றி வைத்த ஈரலை உடம்பு ஏற்றுக்கொள்ளாமல் முரண்டு பிடிக்கப்போகிறதா என்பதை, வழக்கமான சோதனை காட்டுவதற்கு முன்பே ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியுமா? தலைமை டாக்டர் இதற்காக ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தார். வாரம் ஒருமுறை ஆளுக்கு இரண்டு குழாய் ரத்தம். சிவப்பு மூடி வழக்கமான சோதனைக்கு, ஊதா மூடி என் மெஷினுக்கு. ஊதாவில் பெயர் கிடையாது, எண் மட்டும். அதன் முடிவை ஆராய்ச்சி முடியும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது, வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம்கூட. இன்னும் நிரூபிக்காத சோதனையை நம்பி மருந்தை மாற்றினால் ஆபத்தாம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கு எரிச்சலே அதுதான்.

எனக்கு முப்பத்தொன்று வெறும் எண். அக்காவுக்கு அது ஒரு தையல்காரர். மனைவி தன் ஈரலில் பாதியைக் கொடுத்திருந்தார். "வெளியே முழுசா ஒருத்தி, உள்ளே பாதி. இனிமே நான் எதிர்த்துப் பேசவே முடியாது" என்பாராம். ஊதா மூடியைப் பார்க்கும்போதெல்லாம், "இது என்னம்மா சொல்லுது?" என்று கேட்பாராம்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் அக்காவிடம், "ரெண்டு நாளா ஒரே அசதி, உடம்பெல்லாம் அரிக்குது. இன்னைக்கே டாக்டரைப் பார்த்துட்டுப் போகவா?" என்று கேட்டிருக்கிறார். சிவப்பு மூடி முடிவில் அதுவரை ஒரு குறையும் இல்லை. அக்கா அவரை உட்காரச் சொல்லிவிட்டு என் அறை வாசலுக்கு வந்தார்.

"தம்பி, முப்பத்தொண்ணு எப்படி இருக்கு?"

முரண்டைக் காட்டும் அளவு ஏறத் தொடங்கியிருந்தது எனக்குத் தெரியும். "சொல்லக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியும்லக்கா."

"அளவெல்லாம் வேணாம். நல்லா இருக்கா, இல்லையா?"

நான் சிரித்து வைத்தேன். மழுப்பல் சிரிப்பு. அக்கா அதை நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டு போனார். "ஒண்ணும் இருக்காதுங்க, அடுத்த வாரமே பார்த்துக்கலாம்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் கண் மஞ்சளாக வந்து சேர்ந்தார். மருந்தைக் கூட்டினார்கள், கேட்கவில்லை. இன்னொரு ஈரலுக்குப் பதிந்து வைத்தார்கள். அது கிடைப்பதற்குள் போய்விட்டார்.

எட்டு மாதம் கழித்துத் தலைமை டாக்டர் பெரிய திரையில் வரைபடம் காட்டினார். ஒரு புள்ளியைச் சுற்றி வட்டம். "முப்பத்தொன்றாம் நோயாளி. வழக்கமான சோதனைக்குப் பதினான்கு நாள் முன்பே நாம் கண்டுபிடித்துவிட்டோம்." கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வெட்கமில்லாமல். கட்டுரையில் ஆறாவதாக என் பெயர் இருக்கிறது. அக்காவைப் பற்றி, 'ரத்த மாதிரிகள் சேகரிக்கப்பட்டன' என்று ஒரு வரி. யார் சேகரித்தார்கள் என்று இல்லை.

சென்ற மாதம் தையல்காரரின் மனைவி தன் உடம்பைச் சோதித்துக்கொள்ள வந்தார். அக்கா அவர் கையில் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். குழாய்களை வாங்கிப் போக நான் நின்றிருந்தேன்.

"அன்னைக்கு டாக்டரைப் பார்க்கணும்னுதான் இருந்தாரு. ஒண்ணும் இருக்காதுன்னு நீங்க சொன்னீங்களாமே. எதை வச்சும்மா சொன்னீங்க?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "தெரியாமச் சொல்லிட்டேன். என் தப்புதான்மா."

அன்று அந்த அம்மாவின் கையில் அக்கா இரண்டாவது முறை குத்தினார்.

அவர் போனபிறகு அக்கா குழாய்களை என்னிடம் நீட்டினார். நான் பிடித்த பிறகும் விடவில்லை.

"அவங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்லிட்டேன். நீ எனக்குச் சொல்லு. அன்னைக்கு எதுக்குச் சிரிச்சே?"

பதில் இல்லாதபோது என் முகத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான். அது வருவதற்குள் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.