லெப்பை கேட்ட ஒரு கேள்வி

கெலிஓயாவில் என் வீட்டு முன் அறையில் அன்று இருந்தவர்கள். பள்ளிவாசல் லெப்பை. என் மனைவியின் வாப்பா, எனக்கு மாமா. அவளுடைய அண்ணன், நானா என்போம். நான். திரைக்குப் பின்னால் அவள்.

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது, சில்லறைக் கடை வைத்திருந்தேன். முதல் மனைவி மவுத்தாகி, இவளைக் கல்யாணம் முடித்தேன். மூன்று மாதத்தில் கீழ்க்குடலில் புற்று என்றார்கள். வெட்டி எடுத்து, இடது வயிற்றில் ஓட்டை வைத்தார்கள். மலம் அதால்தான் வரும். துணி கட்ட வேண்டும். உயிர் தங்கியது. ஆண்மை போய்விட்டது. கத்தி நரம்பில் பட்டால் அப்படித்தான் என்றார் டாக்டர்.

எட்டு மாதம் பார்த்தேன். கடுகண்ணாவை வெதமாத்தயா, சிங்கள நாட்டு வைத்தியர், எண்ணெய் தந்தார், லேகியம் தந்தார். ஒன்றுக்கும் சரிவரவில்லை. என் பாயை மற்ற மூலையில் போட்டேன். அவள் என் வயிற்றுத் துணியைக் கழுவிக் காயப்போட்டாள்.

விஷயம் மாமா காதுக்குப் போனது. தலாக் சொல்லச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் லெப்பையைக் கூட்டி வந்தார், நிக்காஹ்வைப் பிரித்துவிட.

மச்சான்ட கடையில தராசுத் தட்டு மட்டுந்தான் எழும்புது என்றார் நானா. லெப்பை அவரைப் பார்த்த பார்வையில் தலையைக் குனிந்துகொண்டார்.

கல்யாணத்திலேயே நோய் இருந்தது, ஒருநாளும் சேரவில்லை என்று மாமா சாதித்தார். லெப்பை சட்டத்தைச் சொன்னார். ஒருதரமும் சேரவில்லை என்றால் எனக்கு ஒரு வருஷம் தவணை. அதற்கும் சரிவராவிட்டால் பிரிக்கலாம். நோய்க்கு முன் ஒருதரமாவது சேர்ந்திருந்தால் இந்தக் காரணத்துக்குப் பெண் பிரிவு கேட்க முடியாது.

என்னிடம் கேட்பார் என்று இருந்தேன். கேட்கவில்லை. திரைப் பக்கம் திரும்பினார்.

"மகள், பதில நீங்கதான் செல்லணும். ஒருதரமாவது?"

முந்தின நாளே அவளிடம் சொல்லியிருந்தேன், சேர்ந்தோமா என்று கேட்டால் இல்லை என்று சொல், நான் மறுத்துப் பேச மாட்டேன் என்று. அவளுக்கு இருபத்தாறு வயது. போனால் பிள்ளை குட்டி பெறுவாள்.

மாமா இருமினார். எனக்கு வயிற்றுத் துணி நனைந்தது. நான் எழும்பவில்லை.

"ஓ. சேர்ந்தோம்" என்றாள்.

மாமா குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். தேத்தண்ணி அப்படியே இருந்தது. நானா பின்னால் போனார். லெப்பை மட்டும் சலாம் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் புதுத் துணியோடு வந்தாள். என் பாயைச் சுருட்டிக் கொண்டுபோய்த் தன் பாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு என் முன்னால் குந்தி, பழைய துணியை அவிழ்த்தாள்.

"போயிருக்கலாம்" என்றேன்.

"பொய் செல்லிட்டா? ஒருதரமாவதுன்னு கேட்டார். நான் எண்ணி வச்சீக்கிறேன்."

எத்தனை என்று கேட்டேன். முடிச்சைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

பதினேழு.