சங்கு ஊதாத காலை

விடிகாலையில் சீமெந்துத் தரையின் குளிர் உள்ளங்கையில் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், வாசலை ஒட்டிய சின்ன விறாந்தையை நாங்கள் "இஸ்தோப்பு" என்போம். அங்கே நானும் தங்கச்சி சுகந்தியும் கையை ஊன்றிக் குனியும்போது, பக்கத்து வீட்டு விறகுப் புகையும் கீழே ஃபெக்டரியிலிருந்து வரும் தேயிலை வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறும். பிள்ளைகள் மனசில் கள்ளம் கிடையாது என்று யாராவது எழுதியிருந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த இஸ்தோப்பில் நான் செய்ததைப் பார்த்திருந்தால் அப்படி எழுத மாட்டார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், இறத்தோட்டைக்கு மேலே. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, அவளுக்குப் பத்து. பள்ளிக்கூடத்துச் சரஸ்வதி பூசையான வாணி விழா மேடையில் பிள்ளைகள் எல்லோரும் சூரிய நமஸ்காரம் செய்யும்போது, நடுவில் ஒருத்தி மட்டும் காகாசனத்தில் நிற்க வேண்டும் என்று யோகா டீச்சர் சொல்லியிருந்தார். உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றி, முழங்கால்களை மேல்கைகளில் ஏற்றி, பாதங்களைத் தூக்கி, முழு உடம்பையும் இரண்டு கைகளால் தாங்குகிற வேலை அது. பள்ளிக்கூடத்தில் அது வந்தது எங்கள் இரண்டு பேருக்குத்தான். அதிலும் அவள் என்னைவிட நன்றாக நின்றாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

"குனியுறப்ப மூச்ச விடுங்க, நிமிர்றப்ப இழுங்க. அடக்கவே கூடாது," என்று டீச்சர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அடக்குவது என் கண்டுபிடிப்பு. முப்பது தடவை வேகவேகமாக மூச்சை ஊதித் தள்ளிவிட்டு அடக்கினால் இன்னும் அதிக நேரம் தாங்கலாம் என்பதையும் நானேதான் கண்டுபிடித்தேன். அப்படிச் செய்தால் எந்த அறிகுறியும் இல்லாமல் மயக்கம் வரும், உயிரே போகலாம் என்று பிற்பாடு ஒரு டொக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

காலை ஆறு மணிக்கு ஃபெக்டரிச் சங்கு ஊதும். தோட்டத்தில் அடுப்பு எரிவதும் ஆட்கள் "பெரட்டுக்கு", அதாவது பெயர் கொடுத்து வேலை பிரிக்கிற இடத்துக்குக் கிளம்புவதும் அந்தச் சங்கை வைத்துத்தான். நாங்களும் எங்கள் மூச்சை அதனிடம் கொடுத்தோம். நமஸ்காரத்தின் பன்னிரண்டு நிலைகளையும் செய்துவிட்டு, ஆறுக்கு அரை நிமிடம் இருக்கையில் மூச்சை அடக்கிக் கைகளில் ஏற வேண்டும். சங்கு ஊதும்வரை விடக் கூடாது. முதலில் விடுகிறவள் தோற்றவள். இந்தச் சட்டத்தைப் போட்டதும் நான்தான்.

அன்றைக்கும் ஏறினோம். பக்கத்து வீட்டு ராசாத்தி அக்கா வாளியோடு வெளியே வந்து, உள்ளே சமையலில் இருந்த அம்மாவுக்குக் கேட்கும்படி கத்தினார்.

"ஏ மாரி! இன்னைக்கி சங்கு ஊதாதாம். ஸ்ட்ரைக்காம். ராத்திரி மீட்டிங்ல முடிவு பண்ணிட்டாங்களாம். ஒம் புருசன எழுப்பாத, தூங்கட்டும்!"

"அதுக்கு நீ ஏன்டி லயத்தையே எழுப்புற?" என்றார் அம்மா.

எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஊதாத சங்குக்காக என் தங்கச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. "எறங்குடி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. மூக்கு வழியாகச் சத்தமில்லாமல் மூச்சு விட்டேன், திரும்ப இழுத்தேன், கையில் நின்றபடியே காத்திருந்தேன். அவள் முதலில் இறங்கட்டும் என்று காத்திருந்தேன்.

அவள் இறங்கவில்லை. கை மடங்கி முகம் அப்படியே சீமெந்தில் மோதியது. தேங்காயைத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம். நான் புரட்டினேன். கண் மேலே செருகியிருந்தது. வாய் முழுக்க இரத்தம். முன்பற்கள் இரண்டும் தரையில் கிடந்தன. அம்மா போட்ட சத்தத்தில் அப்பா எழுந்து ஓடிவந்து அவளைத் தூக்கினார். ஸ்ட்ரைக் என்பதால் தோட்டத்து லொறியும் ஓடவில்லை. தோளில் போட்டுக்கொண்டு ரோட்டு வரைக்கும் ஓடி, த்ரீவீலர் பிடித்து மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பாதி வழியில்தான் அவள் முனகினாளாம்.

அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போய், "எம் புள்ளையக் கொல்லவா பாத்தீங்க?" என்று டீச்சரைத் திட்டித் தீர்த்தார். "நான் மூச்ச அடக்கச் சொல்லவே இல்லைங்க," என்று டீச்சர் அழுதார். நான் அங்கேயே நின்றேன். வாய் திறக்கவில்லை. வாணி விழாவில் காகாசனத்தை எடுத்துவிட்டார்கள், வெறும் நமஸ்காரம்தான். நடு இடத்தில் நின்றவள் நான். எல்லோரும் கை தட்டினார்கள்.

போன மாதம் தோட்டத்துப் பக்கம் போனேன். ஃபெக்டரி இப்போது வெள்ளைக்காரர்கள் தங்கும் ஹோட்டல். வாசல் போர்டில் உள்ள படத்தில் ஒரு பெண் மலையைப் பார்த்துக்கொண்டு சிரித்த முகத்தோடு காகாசனத்தில் நிற்கிறாள். சங்கைக் கழற்றி, வர்ணம் பூசி, பூச்சாடிக்குப் பக்கத்தில் அழகுக்கு வைத்திருக்கிறார்கள். லயத்தில் இருப்பவர்கள் போனில் அலாரம் வைத்து எழும்புகிறார்களாம்.

அங்கே நின்றபடியே சுகந்திக்குப் போன் எடுத்தேன். நாவுலயில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள், மூன்று பிள்ளைகள், இரண்டு கட்டின பல். இத்தனை வருடம் விழுங்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். ஸ்ட்ரைக் என்று ராசாத்தி அக்கா கத்தியது எனக்குக் கேட்டது, தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன் என்றேன்.

அவள் சாதாரணமாகச் சொன்னாள்:

"எனக்குந்தான் கேட்டுச்சு அக்கா. நீ மூக்கால மூச்சு விட்டதும் கேட்டுச்சு."

"அப்ப ஏன்டி எறங்கல?"

"நீ சொல்லுவன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

அடுப்பில் சோறு இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள். நான் அந்தச் சங்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அதன் வாய்க்குள் யாரோ சிகரட் துண்டு போட்டிருந்தார்கள்.