டிஸ்கோ மெட்டில் முருகன்

எண்பதுகளில் பம்பாயை ஒரு இந்திப் பாட்டு பிடித்து ஆட்டியது. கதவைத் தட்டுகிறவனிடம் ஒரு பெண் உள்ளிருந்து பேசுவதாக வரிகள். என்ன பேசுகிறாள் என்பதைக் குழந்தைகள் இல்லாத இடத்தில்தான் சொல்லலாம். மெட்டோ காதில் ஏறினால் இறங்காது. தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீட்டுக்கு வீடு அதைத் திட்டினார்கள். அதிகம் திட்டிய வீட்டில்தான் கேசட் இருக்கும் என்பது என் அனுபவம்.

முலுண்டில் நான் ஏறும் காலை லோக்கல் ரயிலில் எங்கள் பஜனை கோஷ்டி உண்டு. ஜால்ரா, டிபன் டப்பாவோடு ஆபீஸ் பையிலேயே வரும். முன்பாட்டுக்காரர் பாலக்காட்டுக்காரர், ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க். ஆபீஸில் அவரை ஏனென்று கேட்க ஆளில்லை. ரயிலில் அவர் ஒரு வரி எடுத்தால் பெட்டியே திருப்பிப் பாடும். தசராவுக்கு முந்தின நாள் பெட்டிக்கு மாலை கட்டி, பேடா கொடுத்துப் பாடுவது வழக்கம். அந்த ஆண்டோடு அவருக்கு ஓய்வு. கடைசித் தசராவிலும் முன்பாட்டு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

அதற்குச் சில வாரம் முன்பு, சொந்தமாகக் கட்டிய முருகன் பாட்டு ஒன்றை அந்த இந்திப் பாட்டின் மெட்டிலேயே எடுத்துவிட்டார். பாதிப் பெட்டி கை தட்டியது. பாதி முகத்தைச் சுளித்தது. சயானில் ஏறும் தாராவி தோல் பட்டறை பாய் கம்பியைப் பிடித்தபடி, "அண்ணாச்சி, இன்னொரு வாட்டி எடுத்து விடுங்க. நிக்கித கால்வலியே தெரியல" என்றார்.

"ஆபாசம்!" என்று எழுந்தார் ஆடிட் ஆபீஸ்காரர். "முருகனை டிஸ்கோவுக்கு இழுத்துண்டு போயிட்டார். தசராவுக்கு இவர் பாடப்படாது."

பல வருஷமாகப் பின்பாட்டுப் பாடுகிறவர் அவர். முன்பாட்டு காலியானால் அடுத்து யார் என்று யோசித்தேன். சந்தேகம் எனக்கு இலவசமாக வருவது.

விதிமுறை தெரிந்தவன் என்று பஞ்சாயத்தை என்னிடம் விட்டார்கள். "மொத்தமா ஆபாசம்னா செல்லாது. எந்த வரி, என்ன தப்புன்னு சொல்லணும்" என்றேன்.

ஆடிட்காரர் தயங்கினார். பிறகு இந்திப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்தார், நடுவில் வரும் பெருமூச்சு உட்பட. பெட்டி சிரிப்பில் அதிர்ந்தது.

"ஓய், கேசட் தேஞ்சு போச்சா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"என் பையன் போட்டுண்டே இருக்கான்."

"பையன் போட்டா பெருமூச்சு உமக்கு எப்படிங்காணும் வந்தது?"

அவமானத்தில் அவர் இன்னொன்றும் செய்தார். ஒவ்வொரு வரிக்கும் தமிழில் அர்த்தம் சொன்னார். முன்பாட்டுக்காரரின் சிரிப்பு நின்றுபோனது. முப்பது வருஷ பம்பாய் வாழ்க்கையில் அவருடைய இந்தி காய்கறிக் கடையைத் தாண்டியதில்லை.

"பொண்ணு தூக்கம் வரலைன்னு பாடறாள்னுன்னா நினைச்சேன்" என்றார்.

புகார் தள்ளுபடி என்று அறிவித்தேன். முறைப்படி அதுதான் சரி.

"உங்க தீர்ப்பு கிடக்கட்டும். இதையா அந்த முருகனுக்குப் பாடினேன்?" என்று ஜால்ராவை ஆடிட்காரர் மடியில் வைத்துவிட்டார். எத்தனை சொல்லியும் திரும்ப எடுக்கவில்லை.

தசராவுக்கு முந்தின நாள் ஆடிட்காரர்தான் முன்பாட்டு. குர்லா வருவதற்குள் ஆளாளுக்கு ஆபீஸ் கதை பேசத் தொடங்கிவிட்டார்கள். சயானில் பாய் ஏறினார். "என்னவே இது, எழவு விழுந்த துஷ்டி வீடு மாதிரி இருக்கு! அந்தப் பாட்ட எடுங்க."

ஆடிட்காரர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். அப்புறம் எடுத்தார். அதே மெட்டு, அதே முருகன், ஒரு சொல் பிசகவில்லை. வீட்டில் பழகியிருக்கிறார் என்று தோன்றியது. பெட்டி முழுக்கத் திருப்பிப் பாடியது.

பாட்டைக் கட்டியவர் ஜன்னலோரம் பேடாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். உதடு அசைகிறதா என்று கவனித்தேன். அசையவில்லை. மாட்டுங்காவில் வண்டி நின்றதும் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, அடுத்த பெட்டியில் ஏறினார். அங்கே பஜனை கிடையாது, சீட்டாட்டம்தான்.