மாமா பூசிய சுவர்

அந்தக் கத்தோலிக்கக் கோயிலின் வடக்குச் சுவரை மாமா உள்ளங்கையால் ஓங்கித் தட்டிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பனி உருகி நிலமெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு காலை. பழைய கட்டடங்களை அளந்து ஆவணப்படுத்தும் ஒரு சிறிய அலுவலகத்தில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் பொறுப்பாளரான பிரெஞ்சுப் பெண்மணியும் நானும் வண்டியிலிருந்து கருவிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, என் அம்மாவின் தம்பியான மாமா சாவிக்கொத்தோடு வந்தார். அவர்தான் அந்தக் கோயிலின் பராமரிப்பாளர். "இந்தப் பக்கம் முழுக்க நான் பூசினது. உங்கடை மெசினை வைச்சுப் பாருங்கோ, ஒரு இடம் அசையாது" என்றார். நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். பொறுப்பாளர் சுவரை அண்ணாந்து பார்த்தார். முகத்தில் எதையும் காட்டவில்லை. நானும் பார்த்தேன். கல்லிடுக்குகள் எல்லாவற்றிலும் சாம்பல் நிறச் சீமெந்து பட்டை பட்டையாக ஓடியது. அதை ஒட்டிய கற்களின் முகம் தோல்போல உரிந்துகொண்டிருந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தக் கணத்தில் எனக்குள் எழுந்தது கவலை அல்ல. மகிழ்ச்சி.

கோயில் மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் இருந்தது. சுற்றிலும் பண்டசாலைகள், வாடகை அடுக்குமாடிகள், பேருந்து நிறுத்தம். கட்டியவர்கள் மத்தியகால ஐரோப்பியக் கோயில்களை மனதில் வைத்துக் கட்டியிருந்தார்கள்: கூர்ந்த வளைவுள்ள சன்னல்கள், சுவருக்கு வெளியே முட்டுக் கொடுத்து நிற்கும் கல்தூண்கள், உள்ளே நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். பிரெஞ்சுக் குடும்பங்கள் வருவது குறைந்துபோக, ஞாயிறு பின்னேரங்களில் யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர்களான நாங்களே அதை நிறைத்தோம். மாமா மன்னாரில் மேசனாக, கட்டடக் கொத்தனாராக இருந்தவர். இங்கே வந்து பெட்டி அடுக்கும் வேலையில் முதுகை முறித்துக்கொண்டவர். ஓய்வு பெற்ற பிறகு கோயில் சாவி கைக்கு வந்ததும் அவருக்கு மறுபடி உயிர் வந்தது. ஒவ்வொரு கோடையிலும் ஏணியைச் சாத்தி, உதிர்ந்த பழைய சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, சீமெந்தை அழுத்தி நிரப்பினார். யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. இளகிய சாந்தைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. கோயில் சுவர் பாறைபோல் இருக்கவேண்டும் என்பது அவருடைய விசுவாசத்தின் ஒரு பகுதி.

அதுதான் பிழை. படிக்கும் காலத்தில் பிரான்சில் ஒரு கிராமத்தில் மத்தியகாலக் கோயில் ஒன்றின் சுவரைக் கல் கல்லாக வரைந்து பதிவுசெய்யும் குழுவில் அரை வருடம் இருந்தேன். அங்கே முதலில் கற்றது, சாந்து கல்லைவிட மென்மையானதாக இருக்கவேண்டும் என்பதுதான். சுவருக்குள் போன ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே மூச்சுவிடும். உதிர்வதென்றால் சாந்து உதிரும், கல் பிழைத்துக்கொள்ளும். சீமெந்தால் அடைத்தால் ஈரம் கல்லுக்குள்ளேயே சிறைப்படும். மொன்றியல் குளிரில் அது உறைந்து விரிந்து, கல்லை உள்ளிருந்து பிளக்கும்.

மகிழ்ச்சி ஏன் வந்தது என்பதையும் சொல்லவேண்டும். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் நான் கணவரைவிட்டுப் பிரிந்திருந்தேன். பூசையில் வேதாகம வாசகம் வாசிப்பவர்களின் பட்டியல் மாமாவின் கையில் இருந்தது. ஒரு ஞாயிறு, என் முறை வந்து நான் பீடத்தை நோக்கி நடந்தபோது, அவர் நடுவழியில் கையை நீட்டி மறித்தார். "கட்டினவனை விட்டிட்டு வந்தவள் இதிலை ஏறக்கூடாது. போய் இரு." மெதுவாகச் சொல்லவில்லை. கடைசி வரிசை வாங்கு வரைக்கும் கேட்டது. அம்மா அந்த ஞாயிறு முழுவதும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அதன்பிறகு நான் கோயிலுக்குப் போகவில்லை. அளவெடுக்கும் கருவியோடுதான் திரும்பிப் போனேன்.

ஆய்வு கோடை முடியும்வரை நடந்தது. சுவர் வெளிப்பக்கமாக வயிறு தள்ளியிருந்தது. எப்போது வேண்டுமானாலும் சரியலாம். திருத்தும் செலவு கோயில் நிர்வாகத்தின் சக்திக்கு அப்பாற்பட்டது; பூட்டுவதைத் தவிர வழியில்லை என்று முடிவானது. முடிவைச் சொல்ல, கோயிலின் நிலத்தடி மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். பொறுப்பாளர் பிரெஞ்சில் பேசினார். முன்வரிசையில் இருந்த நம்முடைய மூத்தவர்களுக்காக நான் தமிழில் சொன்னேன். "காலப்போக்கில் செய்யப்பட்ட பொருத்தமில்லாத சில திருத்தங்களும் சேதத்துக்குக் காரணமாக இருக்கலாம்" என்றார் அவர். கவனமான வசனம். ஒருவரையும் சுட்டவில்லை, "இருக்கலாம்" என்ற சொல்லும் அதில் இருந்தது. நான் மாமாவைப் பார்த்தேன். கோட்டுப் போட்டு, தலைசீவி, முன்வரிசையின் நடுவில் அமர்ந்திருந்தார்.

"மாமா பூசின சீமெந்தாலைதான் சுவர் பழுதாப்போச்சு. அதாலைதான் கோயிலைப் பூட்டவேண்டி வருது" என்றேன்.

மாமா எழுந்து நின்றார். "நான் பூசினதாலையோ, பிள்ளை?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மருத்துவரிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

பொறுப்பாளர் என் பக்கம் திரும்பி, என்ன கேட்கிறார் என்றார். விளக்கம் கேட்கிறார் என்று சொன்னேன்.

அடுத்த நாள் காலை கருவிகளை எடுக்கப் போனபோது வடக்குப் பக்கம் உளிச்சத்தம் கேட்டது. மாமா ஏணியின் நான்காம் படியில் நின்று சீமெந்தைக் கொத்தி எடுத்துக்கொண்டிருந்தார். இறுகிப்போன சீமெந்து தனியே வராது. ஒவ்வொரு அடிக்கும் கல்லின் விளிம்பையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வந்தது. கீழே சில்லுகள் குவிந்திருந்தன. விரல் கணுக்களில் இரத்தம். "எடுக்கிறன் பிள்ளை, எல்லாத்தையும் எடுத்துவிடுறன். நீ அந்தப் பிரெஞ்சு மனுசியிட்டைச் சொல்லு, பூட்டவேண்டாமெண்டு" என்றார். நான் ஏணியில் ஏறி உளியை வாங்கினேன். இன்னும் பழுதாக்குகிறீர்கள் என்று மட்டும் சொன்னேன். பிறகு, வேலை விதிப்படி, புதிதாக உடைந்த கற்களைப் படம் எடுத்தேன். அவர் ஏணியின் அடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயில் பூட்டப்பட்டது. தமிழ்ப் பூசைக்கு வேறொரு பங்குக் கோயிலில் இடம் கிடைத்தது, குளிர்காலத்தில் இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டிய தூரத்தில். நிறுத்தத்தில் நடுங்கி நின்ற ஒவ்வொருவருக்கும் ஏச ஒரு பெயர் தேவைப்பட்டது. அதை நான் கொடுத்திருந்தேன். மாமா அங்கே நாலைந்து ஞாயிறு போனார். அவர் உட்கார்ந்த வாங்கில் வேறு ஒருவரும் உட்காரவில்லை என்று அம்மா சொன்னார். பிறகு அவர் பூசைக்குப் போவதை விட்டுவிட்டார். நகரின் மேற்கே பியர்பொன்ட்ஸில் மகளின் வீட்டு நிலத்தடி அறைக்குக் குடிபெயர்ந்தார். நான் போய்ப் பார்க்கவில்லை. சரிக்குச் சரி ஆகிவிட்டது என்று நினைத்தேன். நன்றாகத் தூங்கினேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

கோயிலை வாங்கியவர்கள் முன்முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இடித்தார்கள். இடிக்கும்போது பதிவுசெய்ய எங்களையே அழைத்தார்கள். வடக்குச் சுவரை வெட்டித் திறந்தபோது அதன் உள் தெரிந்தது. அந்தக்கால முறைப்படி உள்ளும் புறமும் வெட்டிய கல், நடுவில் கல்லும் சுண்ணாம்பும் கொட்டி நிரப்பிய குடல். அந்தக் குடலுக்குள் ஒரு மழைநீர்க் குழாய் இறங்கியது. கூரைத் தண்ணீரை உள்ளுக்குள்ளேயே இறக்க, கட்டியவர்களே புதைத்த குழாய். எந்த வரைபடத்திலும் இல்லாதது. அது பாதியில் முறிந்து, மாமா பிறப்பதற்கு முன்பிருந்தே சுவரின் நடுவைக் கழுவி வெறுமையாக்கியிருந்தது. பொறுப்பாளர் கையை உள்ளே விட்டார், தோள்வரை போனது. சீமெந்து மேல்கல்லைக் கெடுத்தது உண்மை, சுவரைத் தள்ளியது இதுதான் என்றார். இறுதி அறிக்கையில் அதை ஒரு பக்கத்தில் எழுதினோம். ஒருவரும் அதற்காகக் கூட்டம் வைக்கவில்லை.

மாமாவிடம் நான் உடனே போகவில்லை. பேந்து சொல்லலாம், பிறகு சொல்லலாம் என்று ஒரு குளிர்காலம் போனது, பிறகு ஒரு கோடை. அவருக்கு உண்மையைச் சொல்வதென்றால் நான் செய்ததையும் சொல்லவேண்டும். சென்ற மாதம்தான், முறிந்த குழாயின் படத்தை எடுத்துக்கொண்டு பியர்பொன்ட்ஸுக்குப் போனேன். ஞாயிறு. மகளும் பேரப்பிள்ளைகளும் பூசைக்குப் போயிருந்தார்கள். மாமா இளைத்து, சட்டைக்குள் தொலைந்துபோனவர்போல இருந்தார். என்னைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

படத்தை மேசையில் வைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். மேசனாக இருந்தவர்; குழாயையும் வெறுமையையும் உடனே புரிந்துகொள்வார் என்று நம்பினேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"மாமா, அண்டைக்குக் கூட்டத்திலை அந்தப் பிரெஞ்சு மனுசி உங்களைப்பற்றி ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் என்ரை கோவத்திலை உங்கடை பேரைச் சேர்த்துச் சொன்னனான்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஓம், கோவத்திலைதான் சொன்னனீ. எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். "கோவத்திலை ஆக்கள் மறைக்காமல் சொல்லுவினம், பிள்ளை. இப்ப என்னைப் பார்க்க உனக்குப் பாவமாக் கிடக்கு. அதுதான் இந்தக் கதையைக் கொண்டு வந்திருக்கிறாய்."

இல்லை மாமா, இல்லை என்றேன். அறிக்கையை வாசித்துக் காட்டினேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார், பொய் சொல்லும் சிறுபிள்ளையை அதட்டாமல் கேட்பதுபோல. முடித்ததும் படத்தை என் பக்கம் தள்ளினார்.

"கொண்டு போ. பிள்ளையள் கண்டால், தாத்தா உடைச்ச கோயில் இதுதானோ எண்டு கேக்குங்கள்."